உராய்வு பாயும் ஐந்தாவது சைக்கிளும்

சைக்கிளில் மலை ஏறுகிறவர்கள் உலகத்தில் லட்சம் பேர் இருக்கலாம். ஏறின மலையிலிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தே இறங்குகிறவர் எங்கள் உராய்வு பாய் ஒருத்தர்தான். சவால் விட்டுச் சொல்கிறேன். இன்னொருத்தரைக் கொண்டுவந்து நிறுத்துங்கள், என் சைக்கிளை உங்கள் பெயருக்கே எழுதி வைத்துவிடுகிறேன். கேரியர் மட்டும் கொஞ்சம் ஆடும்.

புத்தியுள்ளவன் செய்கிற காரியமா இது? ஒரு மனுஷன் நாக்குத் தள்ள, தொடை நடுங்க மலை ஏறுகிறான் என்றால் எதற்காக? திரும்பும்போது ஒரு மிதிகூட மிதிக்காமல் சட்டை படபடக்க இறங்கலாம் என்கிற ஒரே ஆசைக்காகத்தான். பாய் ஏற்றம் பூராவும் மிதிப்பார். உச்சிக்குப் போனதும் தண்ணீர் குடிப்பார். அப்புறம் சைக்கிளைத் திருப்பிக் கையில் பிடித்துக்கொண்டு ஊர்வலம் போகிற மாதிரி நடக்க ஆரம்பித்துவிடுவார். கேட்டால் ஒரே பதில்தான்.

"பிரேக் பிடிக்கணும்லா சார். பிடிச்சா ரப்பர் கட்டை ரிம்முல உரசும். உராய்வு நமக்கு ஆகாது."

ரேஷன் கார்டில் அவருக்கு வேறு பெயர் இருந்திருக்கும். நாங்கள் யாரும் கேட்டதில்லை. எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். போர்மேன் என்றால் வெடி செய்கிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். எதுவும் எதோடும் உரசாமல் பார்த்துக்கொள்கிறவர். மருந்து வாளியைத் தரையில் இழுக்காதே, தூக்கு. சாக்கை உதறாதே. செருப்பை வெளியே விடு. வாசலில் பதித்திருக்கிற செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போ. இருபது வருஷமாக இதையே சொல்லிச் சொல்லி அவருக்கு உலகமே ஒரு பெரிய மருந்து ரூமாக ஆகிவிட்டது. வீட்டில் அம்மியில் சட்னி அரைத்தால்கூட எழுந்து வாசலுக்குப் போய்விடுவார் என்பார்கள். நான் பார்த்ததில்லை. ஆனால் நம்புகிறேன்.

நான் சிவகாசிக்கு வந்தது இரண்டாயிரத்துச் சொச்சத்தில். காலண்டரும் நோட்டுப் புத்தகமும் அடிக்கிற அச்சாபீஸில் புரூஃப் பார்க்கிற வேலை. ராகு காலமும் எமகண்டமும் இடம் மாறி உட்கார்ந்துவிடாமல் காவல் காக்க வேண்டும். மனைவிக்குக் கும்பகோணத்தில் பள்ளிக்கூட உத்தியோகம், அதனால் அவள் அங்கே, நான் இங்கே மாடியில் ஒற்றை ரூம். சனிக்கிழமை வரை பரவாயில்லை. ஞாயிறு என்று ஒன்று வருமே, அது விடிந்தால் முடியவே முடியாது. பேசுவதற்கு ஒரு நாதி கிடையாது. போதாக்குறைக்கு டாக்டர் வேறு சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, சைக்கிள் மிதியுங்கள் என்றார். வாங்கினேன்.

முதல் ஞாயிறு விடியற்காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டு டீக்கடையில்தான் அந்த நாலு பேரையும் பார்த்தேன். வரிசையாகக் குனிந்து, உள்ளங்கையைத் தரையில் அழுத்தி எடுத்துவிட்டுச் சைக்கிளில் ஏறப் போனார்கள். சரி, பூமாதேவிக்குக் கும்பிடு போடுகிற கோஷ்டி போல என்று நினைத்துக்கொண்டு நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"கும்பிடு இல்ல சார், எர்த்து" என்றார் தாடிக்காரர். "உடம்புல இருக்க கரன்ட்ட மண்ணுல விட்டுட்டுத்தேன் வண்டியத் தொடணும்."

அவர்தான் பாய். மற்ற மூவரில் ராமசாமி அண்ணாச்சி நாரணாபுரத்துக்காரர், பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிற சம்சாரி. வாய் ஓயாது. செல்வம் ஜவுளிக்கடை வைத்திருக்கிறவர், அண்ணாச்சி சொல்வதற்கெல்லாம் சிரிப்பது அவர் பொறுப்பு. மாரியப்பன் பாயின் கம்பெனியிலேயே கேட் வாட்ச்மேன், உள்ளே போகிறவர்களிடம் தீப்பெட்டியும் பீடியும் செல்போனும் வாங்கி வைக்கிறவர். சாது.

எனக்கு வாயில் எச்சில் ஊறிவிட்டது. நாலு மனுஷர்கள்! பேசுகிற மனுஷர்கள்!

"பாய், நானும் உங்களோட வரலாமா?"

பாய் விரலை விட்டு எண்ணினார். எண்ணுவதற்கு இருந்ததே நாலு பேர், அதையும் இரண்டு தடவை எண்ணினார்.

"முடியாது சார். எங்க கம்பெனியில ஒரு மருந்து ரூமுக்கு நாலு பேரு. அதான் ரூலு."

"இது ரூம் இல்லையே பாய், ரோடு."

"ரோடுன்னா ரூலு கிடையாதா?"

"ஓரமா வந்துட்டுப் போறேன் பாய். யாருக்கும் இடைஞ்சல் இருக்காது."

நான் சொன்னதில் என்ன தப்போ, பாய் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. மாரியப்பன் குனிந்து டயரைப் பார்த்தார். அப்புறம் பாய் பெரிய மனசு பண்ணித் தீர்ப்பு சொன்னார்.

"வேணும்னா தனி ரூமா வாங்க. ரூமுக்கும் ரூமுக்கும் நடுவுல அறுபது அடி இடைவெளி. ஒட்டப்பிடாது."

இப்படியாகத் தனி ரூமில் தனி ஆளாக ஒன்றரை வருஷம் ஓட்டினேன்.

வழிகள் எல்லாம் பாய் பார்த்து வைத்தவை. குற்றம் சொல்லவே முடியாது. செண்பகத்தோப்பு ரோடு, வத்திராயிருப்பு தாண்டிப் பிளவக்கல் அணை, ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோவில் பாதை. ஊரை விட்டுக் கிளம்பும்போது கரிசல்காடும் வேலிக்கருவையும்தான் இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டினால் தென்னந்தோப்பு, மாந்தோப்பு, நடுவில் கறுப்பாக ஒரு ஒற்றை ரோடு, எதிரே மலை. மிதிக்க மிதிக்க மலை பெரிசாகும். எதிரே வருவது பால்காரரும் ஆட்டுமந்தையும்தான். காதில் செயின் சத்தம் மட்டும் விழும். எனக்குச் சர்க்கரை குறைந்ததோ இல்லையோ, மனசுப் பாரம் குறைந்தது நிஜம்.

ஆனால் அறுபது அடி இருக்கிறதே, அது என்ன தூரம் தெரியுமா? முன்னால் போகிறவர்கள் சிரிப்பது கேட்கும். எதற்குச் சிரிக்கிறார்கள் என்பது கேட்காது. சரியாக அந்தத் தூரம். அண்ணாச்சி கையை ஆட்டி ஏதோ சொல்வார், செல்வம் ஹேண்டில்பாரில் தலையை முட்டிக்கொண்டு சிரிப்பார், நான் பின்னால் இளித்துக்கொண்டே வருவேன். என்னவென்று தெரியாமல் இளிப்பது எவ்வளவு கேவலம்! கொஞ்சம் வேகமாக மிதித்து ஐம்பது அடிக்குள் போனால் போதும், பாய் திரும்பாமலே கையைத் தூக்குவார்.

"சார், இடைவெளி!"

அவருக்கு முதுகில் கண் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

டீக்கடையிலும் அதே சட்டம். அவர்கள் நாலு பேர் ஒரு பெஞ்சில், நான் தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கல்லில். பாய் அடுப்பிலிருந்து தள்ளி, ரோட்டைப் பார்த்து, எழுந்தால் ஓடுகிற தினுசில்தான் உட்காருவார். எதிரே யாரும் நிற்கக்கூடாது. "வழிய மறைக்காதீக" என்பார். டீக்கடைக்காரர் டீயை நீட்டுவதற்கே பக்கவாட்டில் வர வேண்டும்.

பஞ்சர் ஒட்டுவதற்கு அவர் வைத்திருந்த ஸ்பேனர் பித்தளை. இரும்போடு இரும்பு உரசினால் பொறி பறக்குமாம்.

"சைக்கிளே இரும்புதானே பாய்?" என்று அறுபது அடிக்கு அப்பாலிருந்து கத்தினேன்.

"அதான் சார் மெதுவாப் போறோம்."

இடி இடித்தால் தீர்ந்தது. பட்டாசுக் கம்பெனியில் முதல் இடிக்கு எல்லாரும் போட்டது போட்டபடி வெளியே வந்துவிட வேண்டும். பிளவக்கல் ரோட்டில் ஒரு நாள் ஜல்லி லாரிக்காரன் பின்கதவைத் தடாலென்று இறக்கினான். பாய் "எல்லாரும் வெளிய!" என்று ஒரு சத்தம். நாலு பேரும் சைக்கிளைப் போட்டுவிட்டு நெல் வயலுக்குள் ஓடினார்கள். நானும் என் ரூமிலிருந்து வெளியேறி இன்னொரு வயலுக்குள் ஓடினேன். வயல்காரர் வந்து எங்களைக் கேட்ட கேள்விகளை இந்தப் பத்திரிகையில் எழுத முடியாது.

இவ்வளவு கூத்தையும் நான் சகித்துக்கொண்டதற்கு ஒரே காரணம், என்றைக்காவது ஒரு நாள் அந்த வரிசைக்குள் என்னைச் சேர்த்துக்கொள்வார்கள் என்கிற நப்பாசைதான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த ஒன்றரை வருஷத்தில் நான் ஆண்டவனிடம் கேட்டது அது ஒன்றுதான்.

ஒன்றரை வருஷம் ஆகிற ஆனி மாதம் சமயம் வந்தது. குற்றாலத்துச் சாரல் தொடங்கின நேரம். பாய் ரொம்ப நாளாக மேக்கரையிலிருந்து அச்சங்கோவில் போகிற மலைப்பாதையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் அச்சாபீஸிலிருந்து செங்கோட்டைக்கு ஒரு நோட்டுப் புத்தக லோடு. டிரைவர் காலில் விழாத குறையாகப் பேசி அஞ்சு சைக்கிளையும் அஞ்சு ஆளையும் ஏற்றினேன். இத்தனை உபகாரம் பண்ணினவனை இனிமேலும் தள்ளி வைப்பார்களா? வைத்தார்கள். செங்கோட்டை லாட்ஜில் நாலு பேருக்கு ஒரு ரூம். எனக்கு வராந்தாக் கடைசியில் தனி ரூம். அவர்கள் சிரித்தது சுவர் வழியாகவும் கேட்டது.

விடிந்ததும் கிளம்பினோம். மேக்கரை அணையைத் தாண்டியதும் ரோடு காட்டுக்குள் நுழைந்து சுற்றிச் சுற்றி ஏற ஆரம்பித்தது. சாரல் விழுவதும் நிற்பதுமாக இருந்தது. மூங்கில் புதர், ஈர மண் வாசனை, எங்கேயோ தண்ணீர் விழுகிற சத்தம். மனுஷ வாடையே இல்லை. அண்ணாச்சிகூட வாயை மூடிக்கொண்டு மிதித்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். உச்சியில் செக்போஸ்ட்டுக்குப் பக்கத்தில் நின்று கீழே பார்த்தபோது, நாங்கள் ஏறி வந்த ரோடு பச்சைக்குள் மடிந்து மடிந்து கிடந்தது. இதில் இறங்கினால் எப்படி இருக்கும்!

பாய் தண்ணீர் குடித்தார். சைக்கிளைத் திருப்பினார். நடக்க ஆரம்பித்தார்.

எனக்கு வந்ததே கோபம். பல்லைக் கடித்துக்கொண்டு அறுபது அடி பின்னால் தள்ளிக்கொண்டு போனேன். இரண்டாவது வளைவில் மாரியப்பனுக்குச் செருப்பு வார் அறுந்துவிட்டது. அவர் உட்கார்ந்து ஊக்கு குத்திக்கொண்டிருந்தார், மற்ற மூன்று பேரும் பார்க்காமல் வளைவு திரும்பிவிட்டார்கள். நான் அவரிடம் போய்ச் சேர்ந்தேன்.

"ஏன் மாரியப்பன், இவ்ளோ ஏறிட்டு நடந்து போறது உங்களுக்கே நியாயமா படுதா?"

அவர் ரோட்டைப் பார்த்தார். சின்னப் பிள்ளை மிட்டாய்க் கடையைப் பார்க்கிற பார்வை. "எறக்கத்துல விட்டு ஏழெட்டு வருசம் ஆச்சு சார்."

"அப்புறம் என்ன? ஏறுங்க. பாய்கிட்ட நான் பேசிக்கிறேன்."

இதில் என் சுயநலத்தையும் சொல்லிவிடுகிறேன். மாரியப்பன் என் பக்கம் வந்துவிட்டால் இங்கே இரண்டு, அங்கே மூன்று. நாலுக்கு ஒன்று குறையும். அந்த இடத்துக்கு என்னை விட்டால் வேறு ஆள் ஏது?

ஏறினோம். விட்டோம். ஆகா! முகத்தில் சாரல், காதில் காற்று. வளைவு திரும்பியதும் மூன்று பேரையும் தாண்டிக்கொண்டு பறந்தோம். அண்ணாச்சி "ஏலே!" என்றார். பாய் கத்தின கத்தல் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. "மாரியப்பா! எறங்குலே! எறங்கிருலே!"

அடுத்த வளைவுக்கு முன்னால் நான் பிரேக்கை அழுத்தினேன். மாரியப்பன் என்னைத் தாண்டிப் போனார்.

"சார், பிடிக்க மாட்டேங்குது சார்!"

அப்போதுதான் அவர் வலது கையைப் பார்த்தேன். அது பிரேக் மேல் சும்மா கிடந்தது. விரல்கள் மடங்கவில்லை. தோல் சுருங்கி, மூன்று விரல் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல இருந்தது. இடது கையால் மட்டும் பின்பிரேக்கை இறுக்குகிறார், ரிம் பூராவும் ஈரம், அது வழுக்குகிறது. ஒன்றரை வருஷம் கூடவே வந்திருக்கிறேன். அந்தக் கையை நான் கவனித்ததே இல்லை. அறுபது அடியிலிருந்து என்ன தெரியும்?

நான் பிரேக்கை ஒரே பிடியாகப் பிடித்து உண்ணிப் புதருக்குள் போய் விழுந்தேன். விழுந்தபடியே பார்க்கிறேன், என் தலைக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் விர்ரென்று போகிறது. பாய்! தரையைத் தொடாமல், எர்த்து விடாமல், இறக்கத்தில் எழுந்து நின்று மிதித்துக்கொண்டு போகிறார். மாரியப்பனை எட்டினார். இடது கையால் அவருடைய கேரியரைப் பிடித்தார். வலது கையால் தன் பிரேக்கை அழுத்தினார். அந்தப் பிரேக் கட்டைகள் வாங்கின நாளிலிருந்து ஒரு தடவைகூட இறக்கத்தில் உரசாதவை, புத்தம் புதுசு. அப்படிப் பிடித்தது! கீச்சென்ற சத்தத்தில் மரத்திலிருந்த குரங்குகள் எல்லாம் ஓடின. இரண்டு சைக்கிளும் இழுபட்டு, ரோட்டோரம் கொட்டி வைத்திருந்த மணல் குவியலில் ஏறிச் சாய்ந்தன. வளைவுக்கு இன்னும் பத்தடி இருந்தது.

மாரியப்பனுக்கு முழங்காலில் சிராய்ப்பு. பாய் அதில் ஒட்டியிருந்த மணலைத் துடைத்துவிட்டார். என்னை அவர் திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மேக்கரை டீக்கடையில் நான் பழக்கப்படி தள்ளி நின்றேன். மாரியப்பன்தான் கூப்பிட்டார். "இங்கன வாங்க சார். இன்னைக்கு ஒண்ணும் ஆகாது."

அவர் இடது கையில் டீ கிளாஸை வைத்துக்கொண்டு சொன்னார். "முன்ன நான் வேற கம்பெனியில கூலிக்குப் போனேன். பாய் அங்கதான் போர்மேன். தீபாவளி சீசன். ரூமுக்கு நாலு பேரு உக்காந்துட்டாக. எனக்கு அன்னைக்கு வேலை இல்லன்னா வீட்டுல அடுப்பு எரியாது. 'ஓரமா உக்காந்துக்கிடுதேன் பாய், யாருக்கும் இடைஞ்சல் இருக்காது'ன்னு நாந்தேன் கெஞ்சுனேன். உக்கார வச்சாரு. மருந்துல தீப்பிடிச்சப்ப நாலு பேரும் வாசலுக்கு ஓடிட்டாக. ஓரத்துல உக்காந்தவனுக்கு வழி இல்ல. நல்லவேளை, கையோட போச்சு. பாய் மேல தப்பு இல்ல சார். கெஞ்சுனது நானு."

"கெஞ்சுனவன் மேல என்னலே தப்பு?" என்றார் பாய். "உக்கார வச்சவன் மேலதேன் தப்பு."

டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டேன். ஓரமா வந்துட்டுப் போறேன், யாருக்கும் இடைஞ்சல் இருக்காது. முதல் நாள் நான் சொன்னதும் இதே வார்த்தைதானே. செல்வம் மெதுவாகச் சொன்னார், மாரியப்பனுக்குச் சைக்கிள் என்றால் உயிர், ஆனால் அந்தக் கையை வைத்துக்கொண்டு இறக்கத்தில் பிரேக் பிடிக்க முடியாது, அதனால் யாருமே இறக்கத்தில் ஓட்டக்கூடாது என்று பாய் ஒரு ரூல் போட்டுவிட்டார் என்று. உராய்வு என்று காரணம் சொன்னால் மாரியப்பனை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். எல்லாரும் பாயைப் பைத்தியம் என்பார்கள். பாய்க்கு அது பரவாயில்லை.

அப்போ எர்த்து? பித்தளை ஸ்பேனர்? அதெல்லாம் நிஜமான பைத்தியம்தான் என்றார் அண்ணாச்சி.

அடுத்த ஞாயிறு நான் போகவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? சைக்கிளை மாடிப்படிக்குக் கீழே சாத்திவிட்டு, போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்தேன். விடிந்தும் விடியாமலும் கீழே பெல் சத்தம். எட்டிப் பார்த்தால் தெருவில் நாலு சைக்கிள்.

"மணி அஞ்சாச்சு. நாலாவது ஆளு எங்க?" என்றார் பாய்.

"நாலு பேரும்தான் இருக்கீங்களே பாய். நான் அஞ்சாவது."

"இல்ல சார். யோசிச்சுப் பாத்தேன். போர்மேன் ரூமுக்குள்ள உக்காரப்பிடாது. வெளிய நின்னு பாக்கணும். எல்லாரும் வெளியேறுன பொறவு கடைசியாத்தேன் அவன் வரணும். அதான் ரூலு. இத்தன நாளா நாந்தேன் தப்பா உள்ள உக்காந்திருந்திருக்கேன். வாங்க சார் கீழ, சட்டையப் போட்டுக்கிட்டு."

சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு இறங்கினேன். தரையைத் தொட்டேன். ஏறினேன். செண்பகத்தோப்பு ரோட்டில் அண்ணாச்சி, செல்வம், மாரியப்பன், நான். ஒன்றரை வருஷம் கழித்து முதல்முறையாக அண்ணாச்சியின் ஜோக்கை முழுசாகக் கேட்டேன். அவருடைய மச்சினன் ஆயுத பூஜைக்குப் பம்புசெட்டுக்கு மாலை போட்டுவிட்டு, கழற்ற மறந்து மோட்டாரைப் போட்டுவிட்டானாம். அவ்வளவுதான் ஜோக். இதற்கா நான் இத்தனை நாள் ஏங்கினேன் என்று இருந்தது. ஆனாலும் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தேன்.

சிரித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அறுபது அடி பின்னால், நான் இருந்த இடத்தில், பாய் தனியாக மிதித்துக்கொண்டு வந்தார். நாங்கள் சிரித்ததைப் பார்த்து, என்னவென்று தெரியாமல் இளித்துக்கொண்டே வந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. மிதிப்பதை நிறுத்தினேன். அவர் கிட்டே வரட்டும் என்று விட்டேன்.

"சார், இடைவெளி, இடைவெளி!" என்று கையைத் தூக்கினார்.

"இருங்க பாய். அண்ணாச்சியோட மச்சினன் இருக்காரே..." என்று ஆரம்பித்தேன்.

கையை இறக்கிவிட்டு, ஜோக் முடிகிற வரை அவர் என் பக்கத்திலேயே வந்தார்.